இசையும் இறைக்காதலும்: வட இந்தியச் சிற்றோவியங்கள் கூறும் சான்று

சமய வரலாற்று வகுப்பு ஒன்றில், இராஜஸ்தானத்துப் பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை மாணவரிடையே சுற்றுக்கு விட்டிருந்தேன். காட்டின் நடுவே ஓர் இளம்பெண் தனித்து நிற்கிறாள். அவள் தோளில் வீணை சாய்ந்திருக்கிறது. மான்கள் அவளைச் சூழ்ந்து, கழுத்தை நீட்டிச் செவி சாய்த்து நிற்கின்றன. "ஐயா, இது பக்திப் படமா, காதற் படமா?" என்று ஒரு மாணவர் வினவினார். "இது தோடி" என்றேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அம்மாணவரின் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. இவ்வோவியங்களைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞரிடையே நிகழ்ந்துவரும் வழக்கே அந்த ஒரு வினாவில் அடங்கியுள்ளது. மானிடக் காதலின் மொழியால் இறையன்பைப் பேசலாமா, பேசினால் அதில் விளையும் நன்மை யாது, கேடு யாது என்பதை இவ்வோவியங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இராகமாலை என்பது யாது?

இராகமாலை என்றவுடன், பல இராகங்களில் அடுத்தடுத்துப் பாடப்பெறும் பாடல் வகையையே நம்மவர் நினைப்பர். வட இந்திய ஓவிய வரலாற்றில் அச்சொல், இராகம் ஒவ்வொன்றையும் ஆணாகவோ பெண்ணாகவோ உருவகித்துத் தீட்டிய ஓவியத் தொகுதியைக் குறிக்கும். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இராஜஸ்தான், தக்காணம், இமயமலைச் சாரல் ஆகிய பகுதிகளின் அரசவைகளில் இத்தொகுதிகள் பெருகின. இவை சுவரில் மாட்டுவதற்கென எழுந்தவை அல்ல. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, அணில் மயிர்த் தூரிகையால் தீட்டப்பட்டவை. கையில் ஏந்தி, ஒருவர் பார்த்தபின் அடுத்தவரிடம் கொடுத்து, நிதானமாகக் காணத்தக்கவை.

இராகத்திற்கு உருவம் கொடுக்கும் வழக்கம் ஓவியர்களிடம் தொடங்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் வாழ்ந்த சார்ங்கதேவர், தம் சங்கீத ரத்னாகரத்தில் பண்டை இராகங்களுக்கு உரிய தெய்வங்களைக் குறித்துள்ளார். பதினைந்தாம் நூற்றாண்டில் சமணரின் கல்பசூத்திரச் சுவடியொன்றின் ஓரங்களில் இராகங்களின் சிற்றுருவங்கள் தோன்றுகின்றன. காலப்போக்கில் ஒவ்வோர் இராகத்தையும் மனத்தில் இருத்துவதற்குரிய தியானச் செய்யுள்கள் பெருகின. இராகங்கள் குடும்பமாயின. ஆறு தலைமை இராகங்களும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மனைவியருமாக முப்பத்தாறு என்பது இராஜஸ்தானத்து ஓவியர் பெரும்பாலும் கைக்கொண்ட கணக்கு. 1570-இல் ÷க்ஷமகர்ணர் வகுத்த முறையில் ஒவ்வோர் இராகத்திற்கும் எட்டுப் புதல்வரும் சேர்ந்து எண்பத்து நான்கு உருவங்கள் ஆயின. மலைநாட்டு ஓவியர் இம்முறையைப் பின்பற்றினர்.

இத்தொகுதிகளைப் புரட்டுவோர்க்கு முதலில் வியப்பளிப்பது அவற்றின் கலப்பே. பைரவ இராகம் சிவனாக அமர்ந்திருக்கும். இந்தோளத்தில் கண்ணன் ஊஞ்சலாடுவான். மேக இராகத்தில் அவன் கார்முகிலின் கீழ்க் கூத்தாடுவான். பைரவி, இலிங்கத்தின் முன் தாளம் கொட்டி வழிபடும் பெண். அடுத்த ஏட்டில் தெய்வமே இல்லை. ஆசாவரி, பாறைமேல் அமர்ந்து பாம்புகளைத் தன்பால் ஈர்க்கும் வனமகள். லலிதையில், உறங்கும் காதலியை விட்டு வைகறையில் ஒருவன் வெளியேறுகிறான். தனாசிரியில், பிரிந்து சென்ற தலைவனின் உருவத்தை ஒருத்தி நினைவிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள். தெய்வமும் மனிதரும், வழிபாடும் காதலும் ஒரே நூலில் கோத்த மலர்களாக இருக்கின்றன. இது சமயம், இது உலகியல் என்று தொகுத்தவர் எவரும் பிரித்துவைக்கவில்லை.

ஒவ்வோர் இராகத்திற்கும் உரிய பொழுதும் பருவமும் உணர்வும் ஒருங்கே படத்தில் அமைகின்றன. தமிழ் பயின்றோர்க்கு இது புதிதன்று. நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், விலங்கு, யாழ் ஆகிய அனைத்தையும் ஓர் உணர்வைச் சுற்றி நிறுத்தும் நம் அகத்திணை மரபு நினைவுக்கு வரும். இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூற வரவில்லை. புறத்தே காணும் மழையும் மானும் அகத்தே நிகழ்வதைப் பேசும் என்ற நம்பிக்கை இரண்டிலும் உண்டு என்பதே கருத்து.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இப்படங்கள் இசை இலக்கணம் கற்பிப்பன அல்ல. தோடியின் படத்தைக் கண்டு தோடியின் சுரங்களை ஒருவர் அறிய முடியாது. வடநாட்டுத் தோடியும் நம் கருநாடக இசையின் தோடியும் பெயரால் ஒன்றாயினும் சுரத்தால் வேறானவை. இராகங்களைக் கணவனும் மனைவியுமாகப் பகுக்கும் முறை இசைக்குப் பொருந்தாது என்று 1813-இல் பாட்னாவின் முகம்மது ரசா எழுதினார். பின்னர் பாத்கண்டே பத்துத் தாட்டுகளைக் கொண்ட வேறொரு பகுப்பை நிலைநாட்டினார். அவ்வாறாயின் ஓவியர் தீட்டியது எதனை? ஒலியை அன்று, ஒலி கேட்போர் உள்ளத்தில் எழுப்பும் ஏக்கத்தையே அவர்கள் தீட்டினர். அந்த ஏக்கமே காதலுக்கும் பக்திக்கும் பொதுவாயிற்று.

2. தீட்டியவர் யாவர்?

இவ்வோவியங்களை உலகறியச் செய்தோருள் முதன்மையானவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாகப் பிறந்தவர். இராஜபுத்திர ஓவியம் பற்றிய அவருடைய இரு தொகுதி நூல் 1916-இல் வெளிவந்தது. மொகலாய ஓவியம் அரசவையைச் சார்ந்தது, உலகியல் நோக்குடையது. இராஜபுத்திர ஓவியமோ மக்களின் சமய வாழ்விலிருந்து எழுந்தது, அதில் ஆணும் பெண்ணும் கொள்ளும் காதல் ஆன்மா இறைவன்பால் கொள்ளும் காதலே என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். இந்தியக் கலையை மேலை நாட்டார் இகழ்ந்த காலத்தில் அது துணிவான குரல். ஆயினும் பின்வந்த ஆய்வு அப்பிரிவுக் கோட்டைப் பெரிதும் திருத்திவிட்டது.

சான்றாக மூன்று தொகுதிகளைக் கூறலாம். முதலாவது, காசிக்கு அண்மையிலுள்ள சுனாரில் 1591-இல் முடிவுற்ற இராகமாலை. அதன் ஈற்றுக் குறிப்பு மூன்று ஓவியரைப் பெயர் சுட்டுகிறது: ஷேக் உசேன், ஷேக் அலி, ஷேக் ஹாத்திம். மூவரும் இசுலாமியர். ஹுமாயூனின் அழைப்பால் பாரசீகத்திலிருந்து வந்து மொகலாய ஓவியக் கூடத்திற்கு அடிகோலிய மீர் சையத் அலி, குவாஜா அப்துஸ் சமத் ஆகியோரின் மாணவர்கள். இவர்கள் வகுத்த உருவங்களே பூந்தி, கோட்டா அரசுகளில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டன.

இரண்டாவது, 1605-இல் மேவாரின் சாவண்டில் நசீருதீன் தீட்டியது. சித்தூர் வீழ்ந்து, உதயப்பூரையும் இழந்து, மலைகளிடையே ஒதுங்கியிருந்த மேவார் அரசின் தலைநகரம் சாவண்ட். இராணா அமர்சிங் மொகலாயருடன் உடன்படிக்கை செய்ததோ 1615-இல்தான். ஆக, மொகலாயப் பேரரசுடன் போர் ஓயாத ஆண்டுகளில், ஓர் இந்து அரசனின் அவையில், ஓர் இசுலாமிய ஓவியன் காதலின் இராகங்களைத் தீட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது, உதயப்பூரில் சாகிப்தீன் 1628-இல் தீட்டிய இராகமாலை. அவனும் இசுலாமியனே. மறு ஆண்டில் அவன் கீதகோவிந்தத்திற்கும் ஓவியம் தீட்டினான். பின்னர் மேவாரின் பேரிராமாயணச் சுவடியிலும் அவன் கைவண்ணத்தைக் காண்கிறோம்.

இவ்வுண்மை நமக்கு உணர்த்துவது யாது? இவ்வோவியங்களை ஒரு சமயத்தின் கொள்கை விளக்கப் படங்களாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றில் அரசவையின் இன்பமும் உண்டு, கைத்தொழிலின் பெருமையும் உண்டு, பிற சமயத்தான் ஒருவனின் உள்ளன்பும் உண்டு. பிரிவின் ஏக்கம் இவர்கள் அனைவர்க்கும் விளங்கிய மொழியாக இருந்தது.

3. கீதகோவிந்தமும் பிரிவின் இறையியலும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வங்க மன்னன் இலட்சுமணசேனன் அவையில் விளங்கிய ஜயதேவரின் கீதகோவிந்தம், இசையும் காதலும் பக்தியும் ஒன்றுகூடிய நூல். பன்னிரண்டு சருக்கங்களில் இருபத்து நான்கு பாடல்கள் உள்ளன. ஒவ்வொரு பாடலுக்கும் இன்ன இராகம், இன்ன தாளம் என்று சுவடிகள் குறிக்கின்றன. அட்டபதி என்னும் பெயரால் அவை நம் நாட்டுப் பஜனை மரபிலும் பாடப்பெறுகின்றன. கண்ணன் பிற ஆயர் மகளிருடன் ஆடுகிறான். இராதை ஊடுகிறாள், வருந்துகிறாள். தோழி இருவரிடையே தூது நடக்கிறாள். இறுதியில் இருவரும் கூடுகின்றனர். கதை இவ்வளவே. நூலின் பெரும்பகுதியை நிரப்புவது கூடல் அன்று, பிரிவே.

இந்நூலை ஓவியர் மீண்டும் மீண்டும் தீட்டினர். சாகிப்தீனின் 1629-ஆம் ஆண்டு ஓவியங்களில் கண்ணன் ஒரே படத்தில் பலமுறை தோன்றுகிறான். பாடல் நகர நகரக் கண்ணும் நகர்ந்து செல்ல வேண்டும். இமயச் சாரலில் குலேரைச் சேர்ந்த மாணக்கு 1730-இல் ஒரு தொகுதியை முடித்தான். அதன் ஈற்றிலுள்ள வடமொழிச் செய்யுள் ஆண்டையும் அவன் பெயரையும் தருகிறது. விரிந்த ஒற்றை வண்ணப் பரப்பின்முன் அவனுடைய மாந்தர் நிற்கும்போது, தனிமை தானே உருக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை மற்றொரு தொகுதியைத் தீட்டியது. அதில் ஆற்றங்கரையும் கொடிப்பந்தலும் பூத்த மரங்களும் காதலரின் நெஞ்சோடு சேர்ந்து பேசுகின்றன. மாணக்கு, அவன் தம்பி நைன்சுக், அவர்கள் தந்தை பண்டித சேவு ஆகியோரின் குடும்ப வரலாற்றை பி. என். கோஸ்வாமி 1968-இல் வெளியிட்ட ஆய்வால் நிறுவினார். அதற்குப் பெரிதும் உதவியவை, ஹரித்துவாரம் போன்ற தலங்களில் தீர்த்தப் புரோகிதர் யாத்திரிகர்களின் குடிவழியைக் குறித்து வைத்த பதிவேடுகள். நீராடச் சென்ற ஓவியர் தம் கையால் எழுதிய வரிகளே கலை வரலாற்றுக்குச் சான்றாயின.

ஓவியருக்குப் பின்னால் இறையியல் ஒன்றும் நின்றது. சைதன்யரின் சீடராகிய ரூப கோஸ்வாமி, பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய உஜ்வல நீலமணியில், காவிய நூலார் வகுத்த நாயக நாயகி இலக்கணம் முழுவதையும் பக்தியின் இலக்கணமாக மாற்றி அமைத்தார். காத்திருப்பவள், ஊடுபவள், இரவில் தேடிச் செல்பவள் என்ற நிலைகளெல்லாம் ஆன்மாவின் நிலைகளாயின. 1591-இல், சுனார் இராகமாலை முடிவுற்ற அதே ஆண்டில், ஓர்ச்சா அவையில் கேசவதாசர் இயற்றிய ரசிகப்பிரியா, கண்ணனையும் இராதையையும் நாயக நாயகியின் முன்மாதிரிகளாகக் கொண்டது. அது பக்தி நூலா, காவிய இலக்கணமா என்று கேட்டால் இரண்டும் என்றே விடைகூற வேண்டும்.

வல்லபர், சைதன்யர் ஆகிய இருவர் மரபிலும் கூடலைவிடப் பிரிவே பக்தியின் உயர்நிலையாக மதிக்கப்பட்டது. ஏன்? கூடியிருக்கும்போது காதலன் ஓரிடத்தில் இருக்கிறான். பிரிந்திருக்கும்போது எவ்விடத்தும் இருக்கிறான். முகிலைக் கண்டாலும் அவன், குயில் கூவினாலும் அவன். இசையும் இத்தன்மையதே. ஒலித்த கணத்தில் மறைந்து, மறைந்தபின் நெஞ்சில் நிற்பது அது. கையால் பற்ற இயலாத இவ்விரண்டையும் கண்ணுக்குப் புலனாக்க முயன்றதே இவ்வோவியரின் அருஞ்செயல்.

4. கிஷன்கட்: அரசன், பாடகி, ஓவியன்

இம்மூன்றும் ஒரு வாழ்வில் சேர்ந்த இடம் கிஷன்கட். அச்சிற்றரசின் இளவரசனாக 1699-இல் பிறந்த சாவந்த் சிங், வல்லப நெறியினன். நாகரிதாசர் என்னும் பெயரில் பிரஜ மொழியில் கண்ணனைப் பாடியவன். அவனுடைய அவை ஓவியன் நிகால் சந்த். அரண்மனையில், அவனுடைய சிற்றன்னையின் பணியில், இசைவல்ல பெண் ஒருத்தி இருந்தாள். பனி டனி, அதாவது அணிசெய்து அழகுற்றவள் என்ற பெயரால் வரலாறு அவளை அறியும். அவளும் ரசிகபிகாரி என்னும் பெயரில் பாடல்கள் புனைந்தாள். இருவரும் காதல் கொண்டனர்.

நிகால் சந்தின் ஓவியங்களில் இராதைக்கு நீண்டு வளைந்த கண்ணும், கூர்ந்த மூக்கும், மெல்லிய முறுவலும் உள்ள ஒரு முகம் அமைந்தது. அது பனி டனியின் முகமே என்பது வழிவழி வந்த கூற்று. நேர்ச் சான்று இல்லாததால் அதனை மரபுச் செய்தியாகவே கொள்ளல் வேண்டும். ஆனால் அவ்வரசனின் பிற்கால வாழ்வு உறுதியானது. உடன்பிறந்தான் அரியணையைக் கைப்பற்றினான். சாவந்த் சிங் இறுதியில் அரசைத் துறந்து பிருந்தாவனத்தில் குடியேறினான். பனி டனியும் உடன் சென்றாள். 1764-இல் அவன் அங்கேயே மறைந்தான். ஓவியத்தில் வெள்ளை மாடங்களும் தாமரைத் தடாகமும் சூழ நிற்கும் கண்ணனைக் கண்டு களித்தவன், அம்மாடங்களை இழந்தபின்னும் அக்கண்ணனை விடவில்லை. அவனுடைய பக்தி அரண்மனை அலங்காரம் மட்டுமே என்று நாம் கூற இயலாது.

5. இம்மொழியால் விளைந்த கேடு

எனினும் வரலாற்றாசிரியன் ஒரு பக்கத்தை மட்டும் காட்டலாகாது. சாவந்த் சிங் சார்ந்த அதே வல்லப நெறியின் குருமார் சிலரைப் பற்றி, 1860-இல் பம்பாயில் கர்சந்தாஸ் முல்ஜி என்னும் இதழாசிரியர் தம் குஜராத்தி ஏட்டில் கடுமையாக எழுதினார். தம்மையே கண்ணனின் உருவாகக் கருதச் செய்து, அடியாராகிய பெண்களை அவர்கள் தம் இச்சைக்கு உட்படுத்துகின்றனர் என்பது குற்றச்சாட்டு. குரு ஒருவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1862-இல் பம்பாய் உச்சநீதிமன்றத்தில் அது விசாரிக்கப்பட்டு, முல்ஜிக்குச் சாதகமாக முடிந்தது. சாட்சியம் கூறியோருள் ஸ்காட்லாந்து மிஷனரியும் வடமொழி அறிஞருமான ஜான் வில்சன் ஒருவர்.

அவ்வழக்கிற்குப்பின் கண்ணன் இராதை காதலைப் பாடும் நூல்களும் ஓவியங்களும் ஒட்டுமொத்தமாக ஒழுக்கக்கேட்டின் ஊற்று என்று பலரும் கருதத் தலைப்பட்டனர். நம் முன்னோரான மிஷனரிமாருள் பலரும் அவ்வாறே எழுதினர். ஆனால் ஒன்றைக் கருதல் வேண்டும். முல்ஜி வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அந்நெறியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் கண்டித்தது இராதையின் ஏக்கத்தை அன்று. அந்த ஏக்கத்தைத் தம்பால் திருப்பிக்கொண்ட மனிதரையே கண்டித்தார்.

இங்கேதான் ஓவியங்களின் சான்று நமக்குத் துணை நிற்கிறது. விரகத்தின் உயிர் பிரிவில் உள்ளது. தலைவன் இல்லாத பந்தல், வெறுமையான படுக்கை, வழிபார்க்கும் வாயில் ஆகியவற்றையே ஓவியர் ஓயாது தீட்டினர். அவ்வெற்றிடத்தை நிரப்பி, "நீ தேடுகின்றவன் நானே" என்று ஒரு மனிதன் வந்து நிற்கும்போது விரகம் அழிகிறது. அதனுடன் பக்தியும் அழிகிறது. இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் காக்கும் வேலி அந்த வெற்றிடமே. காதல் மொழியால் இறைவனைப் பேசுவதில் கேடு இல்லை. பேசுகின்றவன் காதலனின் இருக்கையில் தான் அமர்ந்துகொள்வதே கேடு. இவ்வெச்சரிக்கை எச்சமயத்துக் குருமாருக்கும் பொருந்தும். பீடத்தில் நிற்கும் நாமும் அதற்கு விலக்கல்லர்.

6. எவ்வாறு காண்பது?

இவ்வோவியங்களைக் காண இதுவரை இரு வழிகள் கூறப்பட்டன. எல்லாம் உருவகமே, இராதை என்பது ஆன்மாவே என்பது ஒன்று. எல்லாம் மானிடக் காதலே, சமயம் மேற்பூச்சே என்பது மற்றொன்று. உன்னதப்பாட்டின் உரை வரலாற்றைப் பயின்றோர்க்கு இவ்விரு வழிகளும் பழகியவை. ஓரிகெனும், அந்நூலின்மேல் எண்பத்தாறு பிரசங்கங்கள் செய்தும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைக் கடவாத கிளேர்வோ பெர்னார்தும் முதல் வழியினர். 1778-இல் எர்டர் அதனை மானிடக் காதற் பாடல்களாகவே கண்டார். முதல் வழி பாடலின் உடலைப் பறித்துவிடும். இரண்டாவது அதன் தொலைநோக்கைச் சுருக்கிவிடும்.

ஓவியரோ இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி நம்மைக் கேட்கவில்லை. சிவனுக்கு அடுத்த ஏட்டில் பாம்பை ஈர்க்கும் வனமகளை வைத்தனர். கண்ணனின் ஊஞ்சலுக்கு அடுத்த ஏட்டில் பெயரறியாப் பெண்ணின் விழிநீரை வைத்தனர். மனிதர் ஒருவரையொருவர் உண்மையாக நாடும் ஏக்கத்தை அறியாதவன் இறைவனை நாடும் ஏக்கத்தையும் அறியான் என்பதே அவ்வமைப்பின் உட்பொருளாகத் தோன்றுகிறது.

வகுப்பில் அம்மாணவருக்கு நான் அளித்த விடை குறைவுடையது. அடுத்த வகுப்பில் தனாசிரியின் படத்தைக் கொண்டு சென்றேன். தோழி அருகிருக்க, அவள் பலகையை மடியில் ஏந்தி, இல்லாத ஒருவனின் முகத்தை வரைகிறாள். வரைந்த முகம் அவனன்று என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் தூரிகையை அவள் கீழே வைக்கவில்லை. நெடுநேரம் நோக்கியபின் அம்மாணவர், "ஐயா, இவள் வரைவதும் நாம் பிரசங்கம் ஆயத்தம் செய்வதும் ஒன்றுதானோ?" என்றார். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.